வேர் கசிந்த புளிப்பும் நான் ஊற்றிய சுண்ணாம்பும்

பெங்களூரு லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடியில், 80 லிட்டர் டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்து, அதன் கீழ்ப்பாதியில் ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருக்கிறேன். வாணியம்பாடியிலிருந்து அம்மா கன்றாகக் கொண்டுவந்து கொடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதைச் சுற்றி மிளகாய், கத்தரி, செம்பருத்தி என்று 18 வளர்ப்புப் பைகள் இருக்கின்றன. 2024ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில் கறிவேப்பிலையின் புதுத் துளிர்கள் பச்சையாக வராமல் எலுமிச்சை நிறத்தில் வரத் தொடங்கின. ஏப்ரல் பாதியில் அவை ஏறக்குறைய வெள்ளையாகவே வந்தன. நரம்புகள் மட்டும் பச்சை நூலால் பின்னிய வலைபோலத் தெரிந்தன. ஆனால் அடிக்கிளைகளில் இருந்த முற்றிய இலைகள் கரும்பச்சையாகவே இருந்தன.

இந்த வேறுபாட்டைக் கவனிப்பது முக்கியம். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பிவிடும். அதனால் முதலில் மஞ்சளாவது அடியிலை. மக்னீசியக் குறைவிலும் நரம்பிடைப் பகுதி வெளுக்கும் என்றாலும், அதுவும் அடியிலையில்தான் தொடங்கும். இரும்பு அப்படி இடம் மாறிச் செல்லாது என்பதால், அதன் குறை துளிரில் தெரியும். நான் கன்று வாங்கும் நர்சரிக்காரர் தருமபுரிக்காரர். கைப்பேசியில் படத்தைப் பார்த்த உடனே, “அண்ணா, இது இரும்புச்சத்துக் குறைதான். அன்னபேதி வாங்கிக் கரைச்சு ஊத்துங்க” என்றார். நோயை அவர் சரியாகவே சொன்னார். மருந்துதான் என் மண்ணில் பலிக்கவில்லை.

அன்னபேதி (இரும்பு சல்பேட்) 20 கிராமை ஐந்து லிட்டர் நீரில் கரைத்து ஊற்றினேன். இளம்பச்சையாக இருந்த அந்தக் கரைசல் மறுநாள் காலையில் மண்ணின் மேல் துருப்பிடித்த தகரத்தின் நிறத்தில் ஓர் ஏடாகப் படிந்திருந்தது. விரலால் சுரண்டினால் பொருக்காக வந்தது. காரமான மண்ணில் அன்னபேதியின் இரும்பு காற்றுப் பட்டதும் ஆக்சிஜனேற்றமடைந்து, நீரில் கரையாத துருவாகிவிடுகிறது. வேருக்குப் பக்கத்தில் கிடந்தும் அது வேருக்கு உதவாது. இருபது நாள் காத்திருந்தும் துளிரில் மாற்றமில்லை.

குறை உண்மையிலேயே இரும்புதானா என்று உறுதி செய்துகொள்ள ஒரு சிறு சோதனை செய்தேன். ஒரு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) சேர்த்த கரைசலில் சிறு தூரிகையை நனைத்து, வெளுத்த ஒரு ஈர்க்கில் இடப்பக்க இலைகளுக்கு மட்டும் மாலையில் தடவிவிட்டேன். ஆறாம் நாள், கரைசல் துளியாக நின்ற இடங்களிலெல்லாம் கடுகளவு பச்சைப் புள்ளிகள் தோன்றின. வலப்பக்கம் வெளுப்பாகவே இருந்தது. இலைக்கு வேண்டியது இரும்புதான் என்பது உறுதியாயிற்று. வேர் ஏன் அதை எடுத்துத் தரவில்லை என்பதே மீதிக் கேள்வி.

மே மாதத்தில் டிரம்மின் நடு ஆழத்திலிருந்து அரைக் கிலோ மண்ணெடுத்து, நிழலில் உலர்த்தி, மண் பரிசோதனைக் கூடம் ஒன்றில் கொடுத்தேன். வந்த அறிக்கையைப் பார்த்தபோது முதலில் வேறு யாருடைய மண்ணோ என்றுதான் நினைத்தேன். பிஎச் 8.1. கரிமச்சத்து 2.1 விழுக்காடு; 0.75க்கு மேலிருந்தாலே அதிகம் என்பது நம் நாட்டுக் கணக்கு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) எக்டேருக்கு 164 கிலோ. 25 கிலோவைத் தாண்டினாலே அதிகம். சாம்பல்சத்து (பொட்டாஷ்) 690 கிலோ. 280ஐத் தாண்டினால் அதிகம். செடி எடுத்துக்கொள்ளக்கூடியதாகக் கணக்கிடப்படும் இரும்பு 6.2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 6.2 பங்கு), போதாது என்று சொல்லும் எல்லை 4.5. தொட்டிக்கும் எக்டேருக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு: ஒரு எக்டேரின் மேல்மண்ணை ஏறத்தாழ 20 லட்சம் கிலோ என்று வைத்துக்கொள்வதால், கிலோக் கணக்கை இரண்டால் வகுத்தால் பிபிஎம் கிடைத்துவிடும். ஆக, இல்லாத பொருள் எதுவும் இந்த மண்ணில் இல்லை. இரும்பு உட்பட எல்லாம் வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தன.

மணிச்சத்து எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் ஏதுமில்லை. ஆறு ஆண்டுகளாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி எலும்புத்தூளும், மாதந்தோறும் மண்புழு உரமும், கையில் கிடைத்தபோது டிஏபியும் போட்டு வந்தேன். டிஏபியில் 46 விழுக்காடு மணிச்சத்துக் கணக்குதான். செடி பூத்துக் காய்க்க மணிச்சத்து என்று பள்ளியில் படித்ததை, இலைக்காக வளர்க்கும் செடியிடமும் நடைமுறைப்படுத்தியிருக்கிறேன். தழைச்சத்து நீரோடு வடிந்துபோகும், மணிச்சத்து போகாது. போட்டது போட்ட இடத்திலேயே கிடந்து சேரும்.

ஆனால் மணிச்சத்து ஆறு ஆண்டுகளாகச் சேர்ந்தது. வெளுப்போ ஒரே கோடையில் வந்தது. இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை.

துப்பு இரண்டு இடங்களிலிருந்து கிடைத்தது. முதலாவது மழை. 2024 ஜூன் 2ஆம் தேதி பெங்களூரில் ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் மழை பெய்தது. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு மழை பெய்தது 133 ஆண்டுகளில் அதுவே முதல்முறை என்று செய்தி வந்தது. டிரம் நிரம்பி அடித்துளைகள் வழியே பழுப்பு நீர் நெடுநேரம் வடிந்தது. அதன் பிறகும் சில நாள்கள் மழை தொடர்ந்தது. இரண்டு வாரத்தில் வந்த துளிர்கள், நான் எதுவும் செய்யாமலேயே, இளம்பச்சையாக வந்தன.

இரண்டாவது, அதே மாடியில் இருக்கும் இன்னொரு கறிவேப்பிலை. மேல்வீட்டு அக்கா வேலூர்க்காரர். பழைய பெயின்ட் வாளியில் வளர்க்கிறார். என் செடி வெளுத்துக் கிடந்த ஏப்ரலிலும் அவருடையது பளபளவென்று இருந்தது. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். “நான் என்ன தம்பி போடறேன், அரிசி களைஞ்ச தண்ணிதான்” என்றார். அரிசிக் கழுநீரின் மகிமை என்று அதை நான் அப்போது எடுத்துக்கொண்டேன். அவர் வீட்டுச் சமையலறைக் குழாயில் வருவது காவிரி நீர் என்பது ஜூன் மழைக்குப் பிறகுதான் உறைத்தது.

அந்தக் கோடையில் இந்த ஊரின் நிலை பலருக்கு நினைவிருக்கும். ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. குடிநீரைத் தோட்டத்துக்கோ வண்டி கழுவவோ பயன்படுத்தினால் 5,000 ரூபாய் தண்டம் என்று குடிநீர் வாரியம் மார்ச்சில் அறிவித்தது. அது நியாயமான கட்டுப்பாடுதான். அதுவரை காவிரி நீரையும் போர் நீரையும் கலந்து ஊற்றிவந்த நான், அன்றுமுதல் டேங்கரில் வந்த போர் நீரை மட்டுமே ஊற்றினேன். கெட்டிலில் ஒரு வாரத்தில் வெள்ளைப் பொருக்குக் கட்டும் நீர் அது.

மீன்தொட்டிக் கடையில் விற்கும் காரத்தன்மைச் சோதனைக் குப்பி ஒன்றை வாங்கினேன். ஐந்து மில்லி நீரில் துளித்துளியாக விட, நீலம் மஞ்சளாக மாறும்வரை எத்தனை துளி என்று எண்ணவேண்டும். ஒரு துளிக்கு லிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரத்தன்மை. டிரம்மில் பிடித்துவைத்த மழைநீர் முதல் துளியிலேயே மாறியது. காவிரிக் குழாய் நீருக்கு ஐந்து துளி. போர் நீருக்கு 18 துளி. அதாவது லிட்டருக்கு 320 மில்லிகிராம். காரத்தன்மையை மட்டும் பார்த்தால் குடிக்க இது தடையில்லாத நீர்தான். இந்தியத் தரநிர்ணயம் 200ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் இல்லாதபோது 600வரை அனுமதிக்கத்தக்கதாகவும் வைத்திருக்கிறது. ஆனால் கறிவேப்பிலைக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் வீதம் 90 நாள் ஊற்றினால் 58 கிராம் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றியதற்குச் சமம். கையால் எடுத்து யாராவது போட்டிருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன்.

வேர் வெறும் உறிஞ்சுகுழல் அல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இலை சமைக்கும் கரிமத்தில் கணிசமான ஒரு பங்கைச் செடி வேர் வழியே மண்ணுக்குள் கசியவிடுகிறது: சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், சிட்ரிக், மாலிக் போன்ற கரிம அமிலங்கள், பீனால் வகைகள். இந்தக் கசிவு படும் மெல்லிய மண்சுற்றுக்குத்தான் 1904இல் ஜெர்மானியரான லோரன்ஸ் ஹில்ட்னர் ‘ரைசோஸ்பியர்’ என்று பெயரிட்டார். எதைக் கசியவிடுவது என்பதைச் செடி தன் பசியைப் பொறுத்து மாற்றிக்கொள்கிறது. இரும்புக்குப் பசித்தால், இருவித்திலைச் செடியின் வேர்நுனிகள் ஹைட்ரஜன் அயனிகளை வெளித்தள்ளித் தம்மைச் சுற்றிய மண்ணைப் புளிக்கவைக்கின்றன; பீனால் வகைகளை விட்டுத் துருவைக் கரைக்கின்றன; கரைந்த இரும்பை வேர்ப்பரப்பிலுள்ள நொதி உள்ளே செல்லும் வடிவுக்கு மாற்றுகிறது. அந்த நொதி நன்றாக வேலை செய்வதும் புளிப்பான சூழலில்தான். போர் நீருக்குக் காரத்தன்மை தரும் பைகார்பனேட்டுக்கோ புளிப்பை முறிப்பதே வேலை. ஆக, என் செடி இரவும் பகலும் கசியவிட்ட புளிப்பை நான் தினமும் காலையில் இரண்டு லிட்டர் காரநீரால் முறித்துக்கொண்டிருந்தேன். இதற்குமேல் மண்ணில் குவிந்திருந்த மணிச்சத்தும் கரைந்த சிறிது இரும்பைப் பிடித்துவைத்துக்கொண்டு தன் பங்குக்குத் தடைசெய்திருக்கும்.

இது படித்தறிந்த விளக்கம். கண்ணால் பார்க்க விரும்பினேன். புரோமோகிரெசால் பர்ப்பிள் என்ற நிறங்காட்டியைக் கல்லூரி ஆய்வகங்களுக்குப் பொருள் விற்கும் கடையில் ஐந்து கிராம் வாங்கினேன். பிஎச் 5.2க்குக் கீழே அது மஞ்சள், 6.8க்கு மேலே ஊதா. கே.ஆர். மார்க்கெட்டில் வாங்கிய கொண்டைக்கடலையையும் வெள்ளைச் சோளத்தையும் ஈரத்துணியில் முளைக்கவைத்து ஒரு வாரம் வளர்த்தேன். பிறகு, இனிப்புக்காக வீட்டில் வாங்கி வைத்திருந்த சைனா கிராஸை அரை லிட்டருக்கு 4 கிராம் வீதம் காய்ச்சி, எரிசாராயத்தில் கரைத்த நிறங்காட்டியை 30 மில்லிகிராம் அளவுக்குச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தட்டுகளில் பரப்பிய வேர்கள்மீது ஊற்றினேன்.

முதல் முயற்சி படுதோல்வி. காய்ச்சும்போது பழக்கத்தில் மாடிக் குழாயிலிருந்தே நீர் பிடித்திருந்தேன். அதுவும் போர் நீர். கூழ் முழுவதும் அடர் ஊதாவாக உறைந்தது. மறுநாள் காலையிலும் அதே ஊதா. வேரைச் சுற்றி இம்மியும் மாறவில்லை. நிறங்காட்டி கெட்டுவிட்டதோ என்று அதன்மேல் ஐயப்பட்டு, ஒரு துளி எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தேன். அந்த இடம் மட்டும் உடனே மஞ்சளாயிற்று. நிறங்காட்டியில் குறையில்லை. என் டிரம்முக்குள் மூன்று மாதம் நடந்ததைத்தான் தட்டில் ஓர் இரவு முழுக்கப் பார்த்திருக்கிறேன் என்பது காபி குடித்து முடித்த பிறகே புரிந்தது. தோல்வியில் முடிந்த அந்தத் தட்டுதான் இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது.

இரண்டாம் முறை ஆர்ஓ நீரில் காய்ச்சி, கூழைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியில் ஒரு சிட்டிகை அம்மோனியம் சல்பேட்டும் மறுபாதியில் ஒரு சிட்டிகை கால்சியம் நைட்ரேட்டும் கலந்து, சமையல் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இரண்டையும் செங்கலும் ஊதாவும் கலந்த இடைநிறத்துக்குக் கொண்டுவந்தேன். பகல் பதினொரு மணிக்கு ஊற்றினேன். மாலை நான்கு மணிக்கு, அம்மோனியத் தட்டில் சோளம், கடலை இரண்டின் வேர்களையும் சுற்றி மஞ்சள் படர்ந்திருந்தது. நைட்ரேட் தட்டில் சோளத்தின் வேர்கள் தம்மைச் சுற்றி ஊதாவை அடர்த்தியாக்கியிருந்தன. அதே தட்டில், அதே கூழில், இரண்டு விரற்கடை தள்ளியிருந்த கொண்டைக்கடலையின் வேர்களோ மஞ்சளாக்கியிருந்தன.

சோளம் செய்தது பாடப்புத்தகத்தில் உள்ளபடி. வேர் அம்மோனியத்தை எடுக்கும்போது மின்சமநிலைக்காக ஹைட்ரஜன் அயனியை வெளிவிடும். நைட்ரேட்டை எடுக்கும்போது காரத்தன்மையை வெளிவிடும். அதாவது நாம் எந்த வடிவில் தழைச்சத்துக் கொடுக்கிறோம் என்பதே வேரடி மண்ணின் புளிப்பை மாற்றுகிறது. கொண்டைக்கடலை மட்டும் நைட்ரேட்டிலும் புளிப்பையே விடும் பிடிவாதக்காரச் செடி; அதன் இலையைக்கூட விடியற்காலையில் தொட்டு நாக்கில் வைத்தால் புளிக்கும்.

ஜூலையில் சிகிச்சையைத் தொடங்கினேன். எலும்புத்தூள் அதிகம் கலந்திருந்த மேல்மண்ணை நான்கு அங்குல ஆழத்துக்கு அகற்றி, செம்மண்ணும் கழுவிய தென்னைநார்க் கழிவும் சமமாகக் கலந்து நிரப்பினேன். எலும்புத்தூளையும் டிஏபியையும் முற்றிலும் நிறுத்தினேன். நூறு லிட்டர் டிரம் இரண்டில் மழைநீர் பிடித்தேன்; மற்ற நாள்களில் அக்காவைப் போலவே அரிசி, பருப்பு, காய் கழுவிய காவிரி நீரை ஊற்றினேன். உடனடித் தேவைக்கு, இரும்பைக் கவ்விப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் ‘எடிடிஎச்ஏ’ (EDDHA) வகை இரும்பை 5 கிராம் ஒரே ஒருமுறை கொடுத்தேன். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ‘எடிடிஏ’ (EDTA) வகை பிஎச் ஆறரையைத் தாண்டினால் இரும்பைக் கைவிட்டுவிடும். இது கார மண்ணிலும் விடாது. கரைத்தால் நாவற்பழச் சாறுபோல் இருக்கும்; உடையில் பட்டால் போகாது.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை 5 கிராம் அம்மோனியம் சல்பேட் கொடுத்தேன். இதன் அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு கிலோ அம்மோனியம் சல்பேட் ஏறத்தாழ 1.1 கிலோ சுண்ணாம்பை முறிக்கும் என்பது உரக்கணக்கு. அப்படிப் பார்த்தால் 5 கிராம் முறிப்பது என் போர் நீரின் எட்டரை நாள் சுண்ணாம்பைத்தான். நீரை மாற்றாமல் உரத்தைக் கொண்டே சரிக்கட்ட நினைத்தால், அளவைக் கூட்டி வேரைக் கருக்கிவிடுவோம். எலுமிச்சை உப்பை நீரில் கலப்பதையும் இரண்டு வாரம் செய்து பார்த்துவிட்டு விட்டேன். மண்ணின் நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்று முடித்ததும் பைகார்பனேட் திரும்ப வந்துவிடுகிறது.

டிரம்மின் ஓரத்தில் நான்கு மக்காச்சோள விதைகளும் ஊன்றினேன். புல்லினங்கள் இரும்பைத் தேடும் வழி வேறு: மண்ணைப் புளிக்கவைக்காமல், இரும்பைக் கவ்விக்கொண்டு திரும்பும் மூஜினிக் அமில வகைகளை அவை கசியவிடுகின்றன. சீனாவின் சுண்ணாம்பு மண்ணில் தனியே விதைத்த நிலக்கடலை வெளுக்க, மக்காச்சோளத்தோடு ஊடுபயிராக விதைத்தது பச்சையாக நின்றது என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. என் டிரம்மில் அதற்குள் நீர் மாறிவிட்டதால் மக்காச்சோளத்துக்குத் தனியாக நன்றி சொல்ல மாட்டேன். ஆனால் அறுத்து வெளியே எடுத்த தட்டையோடு கொஞ்சம் மணிச்சத்தும் வெளியேறியிருக்கும்.

முந்தைய ஆண்டு 300 ரூபாய்க்கு வாங்கிப் போட்ட ‘வேம்’ என்ற வேர் உட்பூசணப் பொடி ஏன் வீணாயிற்று என்பதும் இப்போது விளங்கியது. மணிச்சத்துக்குப் பசித்த வேர், ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை மிகச் சிறிய அளவில் கசியவிட்டுப் பூசணத்தை அழைக்கிறது. அந்தப் பூசண இழை கிளைத்து வேரை நோக்கி வருவது இதனால்தான் என்று 2005இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சோளக்கொல்லையில் வரும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களையும் இதே அழைப்பை மோப்பம் பிடித்துத்தான் முளைக்கிறது. மணிச்சத்து நிறைந்து வழியும் மண்ணில் வேர் இந்த அழைப்பையே குறைத்துவிடுகிறது. விருந்துக்கு அழைக்காதவர் வீட்டு வாசலில் விருந்தாளியை நான் காசு கொடுத்து இறக்கியிருக்கிறேன்.

தழைச்சத்திலும் இதே கதைதானா என்று பார்க்க, செப்டம்பரில் இரண்டு பைகளில் அவரை விதைத்தேன். ஒன்றுக்கு வாரம் 3 கிராம் யூரியா, மற்றதற்கு ஒன்றுமில்லை. டிசம்பரில், ஊரெங்கும் அவரைக்காய் குவிந்திருந்த வாரத்தில், இரண்டையும் பிடுங்கி வாளி நீரில் அலசினேன். யூரியா தின்ற கொடி இரண்டு மடங்கு இலையோடு கம்பியெல்லாம் ஏறியிருந்தது. வேரில் நான்கே முடிச்சுகள், நகத்தால் கிள்ளினால் உள்ளே வெளிறிய பச்சை. மற்றதன் வேரில் 43 முடிச்சுகள். உள்ளே இளஞ்சிவப்பு, ஏறக்குறைய மாதுளை முத்தின் நிறம். முடிச்சுக்குள் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவை அழைக்கும் பிளேவனாய்டுகளை அவரை வேர் கசியவிடுவதும் தழைச்சத்துக்குப் பசிக்கும்போதுதான். காய்களும் இந்தக் கொடியில்தான் அதிகம்.

கறிவேப்பிலை டிரம்மின் மண்ணை, 20 கிராமுக்கு 50 மில்லி ஆர்ஓ நீர் கலந்து அரைமணி நேரம் விட்டு, அளந்தபோது பிஎச் செப்டம்பரில் 7.6, 2025 ஜனவரியில் 7.3. துளிர்கள் ஆகஸ்ட் இறுதியிலிருந்து பச்சையாகவே வருகின்றன. மே மாதத்தில் வெளுத்து நின்ற ஈர்க்குகள் மட்டும் கடைசிவரை தேறவில்லை, அவற்றை வெட்டிவிட்டேன். மணிச்சத்தை இன்னும் மறுபடி சோதிக்கவில்லை. அது எளிதில் இறங்காது என்பதால் இரண்டு ஆண்டு கழித்துக் கொடுத்தால் போதும்.

அடுத்த கோடைக்கான கணக்கு இப்படி நிற்கிறது: இரண்டு டிரம்மிலும் சேர்த்து மழைநீர் 200 லிட்டர், கறிவேப்பிலைக்கு நாளுக்கு இரண்டு லிட்டர், பிப்ரவரி மூன்றாம் வாரத்திலிருந்து மே முடியும்வரை சரியாக வரும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் போர் நீரோடு கழுநீரைக் கலந்து ஊற்ற வேண்டியதுதான். செம்பருத்தியின் துளிர்மீது மட்டும் ஒரு கண் வைத்திருக்கிறேன்.